இடுப்பளவு

அந்தப் பேண்ட் சாம்பல் நிறம் என்றுதான் என் நினைவு. பிற்பாடு ஒருமுறை மாஸ்டரிடம் கேட்டபோது பழுப்பு என்றார். அவர் துணி வெட்டுகிறவர், நிறத்தில் தவற மாட்டார். ஆனாலும் கண்ணை மூடினால் எனக்குச் சாம்பல்தான் வருகிறது. ஒன்றில் தவறியவன் மற்றதிலும் தவறியிருக்கலாம். அன்று மழை பெய்ததா, வேறொரு நாளின் மழையை நான் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறேனா, தெரியாது. அவர்கள் பேசியது மட்டும் காதில் இருக்கிறது. அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

அது ஒரு தையற்கடை. முன்பக்கம் வெட்டும் மேசை, அதன் மேல் மாஸ்டரின் கனத்த கத்தரி. ஜன்னலையொட்டி மாஸ்டரின் மனைவியின் மிஷின். தெருவே அவளை டெய்லரக்கா என்று கூப்பிட்டது, எனக்கு வெறும் அக்கா. மூலையில் முக்காலி போட்டு ஒரு பெரியவர் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைப்பார். அவருக்குக் காஜாக்காரர் என்பதைத் தவிர வேறு பெயர் இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. திரைக்குப் பின்னால் சமையலறை, அங்கிருந்து மாடிக்குப் படி. மேலே குடும்பம் இருந்தது. பக்கத்து வீட்டில் நான் குடியிருந்த அறைக்கு வெளிச்சம் போதாது. அச்சகத்திலிருந்து திருத்த வரும் தாள்களை எடுத்துக்கொண்டு பிற்பகலில் அக்காவின் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துவிடுவேன். அவர்கள் என்னை ஒரு நாற்காலியைப் போல ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. மாஸ்டர் அளவெடுக்கும்போது சத்தமாகச் சொல்வார். காஜாக்காரர் எழுதிக்கொள்வார். "இடுப்பு நாப்பத்து நாலு" என்பது தெருவில் போகிறவனுக்கும் கேட்கும். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"முணுமுணுத்தா வந்தவன் தன் உடம்புல ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்குவான்" என்றார். "சத்தமாச் சொல்லிட்டா அது வெறும் நம்பர். துணிக்கு வேண்டியது, அவ்வளவுதான்."

அவர்களுக்கு ஒரே மகன். ஒல்லி என்றால் அப்படியொரு ஒல்லி. தையல்காரர் வீட்டுப் பிள்ளை, பெயரும் தேடி அலையாமல் கிடைத்துவிட்டது: ஊசி. மின்சாமான் கடையில் வேலைக்கு இருந்தான். இருபது வயது தாண்டியபோது ராத்தூக்கம் போயிற்று. பிறகு குரல்கள் வந்தன. தெருவில் போகிறவர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். ஹேங்கரில் தொங்கும் துணிகளுக்குள் ஆள் இருக்கிறது என்றான். போட்டுப் பார்ப்பவர்களுக்காக மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடியை ஒரு லைனிங் துணியால் மூடிவிட்டு, யாராவது எடுத்தால் நடுங்கினான். யாரோ தன் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவைக்கிறார்கள் என்பது அவனுடைய பெரிய பயம்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். முதல் தடவை அவன் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுக் காணாமல் போனான். மாஸ்டர் மூன்று நாள் தேடி, ரயில் நிலையத்து பெஞ்சில் அவனைக் கண்டுபிடித்தார். காலில் செருப்பில்லை, பாதமெல்லாம் ரத்தம். அந்தப் பாதங்களைக் கழுவியது அக்கா. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாமே மாத்திரைக்கு அடுத்துத்தான்.

இரண்டாம் தடவை மாத்திரை பிடித்தது. குரல்கள் தூரம் போயின. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது போலக் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்பது புரிவதில்லை என்றான். அவ்வளவு கூட்டத்தைத் தலைக்குள் வைத்துக்கொண்டு ஒருத்தன் படியிறங்கி வந்து "டீ இருக்கா?" என்று கேட்பதை நான் ஒவ்வொரு நாளும் திருத்தும் தாளிலிருந்து தலை தூக்கிப் பார்ப்பேன். எனக்கு அது சாதாரணமாகப்படவில்லை.

குரல்கள் போன இடத்தில் பசி வந்தது. சாப்பிட்டு எழுந்த கை காய்வதற்குள் மறுபடி பசிக்கும். ரொட்டி, பிஸ்கட், பாட்டில் பாட்டிலாக இனிப்புச் சோடா. பகலெல்லாம் தூக்கம், எழுந்தால் சிகரெட்.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருவார். தோளில் ஒரு பை, கையில் எடை பார்க்கும் மிஷின். ஊசி எல்லாவற்றுக்கும் பதில் சொல்வான், மிஷினில் மட்டும் ஏற மாட்டான். மோசமான நாட்களில், அதில் ஏறினால் தன்னைப் பற்றிய சேதி எங்கோ போய்விடும் என்று நம்பியிருந்தான். இப்போது அந்த நம்பிக்கை போய்விட்டது, ஆனால் கால் ஏற மறுத்தது. ரத்தம் எடுக்கக் கூப்பிட்டபோதும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

"ஊசிக்கே ஊசின்னா பயம்" என்பார் காஜாக்காரர்.

அவர் வந்த ஒரு நாள் நன்றாக நினைவிருக்கிறது.

"எடை வேணாம்னுட்டே. பேண்ட் இறுக்குதா தம்பி, அதையாவது சொல்லு" என்றார் நர்ஸ்.

"இல்ல சிஸ்டர். அதே பேண்ட்தான். சரியாத்தான் இருக்கு."

"போன வருஷத்துப் பேண்டா?"

"வேலைக்குப் போறப்ப அம்மா தைச்சது."

நர்ஸ் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொளதொளவென்று மேலே ஒரு சட்டை. "கன்னம் பூசினாப்ல இருக்கே. இந்த மாத்திரைக்குப் பசி ஏறும், எடை ஏறும். சர்க்கரையும் ஏறலாம். தலைக்குள்ள அமைதியாயிடுச்சுன்னு உடம்பை மறந்துடக் கூடாது."

"முந்தி எலும்பும் தோலுமா இருந்தான் சிஸ்டர்" என்றாள் அக்கா, மிஷினிலிருந்து திரும்பாமலே. "இப்பத்தான் உடம்பு தேறியிருக்கு. கண்ணு வைக்காதீங்க."

"டெய்லர் வீட்டுப் பேண்ட் சிஸ்டர்" என்றார் காஜாக்காரர். "ஆனையே உள்ள போனாலும் இறுக்காது."

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. மிதியில் இருந்த அவள் கால் நின்றுபோயிருந்தது.

காஜாக்காரர் விளையாட்டுக்குச் சொன்னது உண்மை. இதை அக்கா பிறகு சொல்லித்தான் நான் அறிந்தேன். மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே, துவைக்க எடுத்த பேண்டின் இடுப்பில் கொக்கி வளைந்திருப்பதை அவள் பார்த்தாள். தையல்காரிக்கு அது போதும். உடம்பு மாறுகிறது என்று தெரிந்தால் இவன் மாத்திரையைத்தான் குற்றம் சொல்வான், மறுபடி எறிவான், மறுபடி அந்த பெஞ்சு, அந்தப் பாதங்கள். இப்படித்தான் அவள் மனம் ஓடியது. அவன் தூங்கும் பகல்வேளையில் பின்தையலைப் பிரித்து, உள்ளே மடித்து விட்டிருந்த துணியில் கொஞ்சம் வெளியே எடுத்துத் தைத்தாள். பழைய தையல் கோடு தெரியாமலிருக்க ஈரத்துணி போட்டு இஸ்திரி தேய்த்தாள். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். உள்துணி தீர்ந்ததும், அதே துணியில் மிச்சமிருந்ததை எடுத்துப் புதிதாகவே ஒரு பேண்டை வெட்டினாள். பழையதன் பட்டன்களை அறுத்து இதில் தைத்தாள். பலமுறை துவைத்தாள், முழங்காலைக் கல்லில் தேய்த்து வெளிறவைத்தாள், பழையதில் எங்கே நூல் பிரிந்திருந்ததோ அங்கே இதிலும் பிரித்துவிட்டாள். மாஸ்டருக்கே தெரியாது. அந்தப் பேண்டை மாஸ்டர் எத்தனை முறை கையில் எடுத்திருப்பார். ஒரு தாயின் பயம் ஒரு கைக்கு இவ்வளவு திறமையைக் கொடுக்குமா என்று நான் இப்போதும் யோசிப்பதுண்டு. கெட்ட காரியம்தான். ஆனாலும் யோசிப்பதுண்டு.

மழை பிடித்த ஒரு மாதத்தில் ஊசிக்குத் தாகம் வந்தது. சொம்பு சொம்பாகக் குடித்தான், திரும்பத் திரும்பக் கழிவறைக்குப் போனான். படியேறினால் நடுவில் உட்கார்ந்தான்.

ஒருநாள் பிற்பகல். மாஸ்டர் ஒரு கோட்டுத் துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஊசி இறங்கி வந்து மேசையருகில் நின்றான்.

"அப்பா, என் பேண்டை யாரோ பிரிச்சுத் தைக்கிறாங்க."

மாஸ்டரின் கையில் சாக்பீஸ் நின்றது. காஜாக்காரர் நூலைப் பல்லில் வைத்தபடியே இருந்தார். மிஷின் ஓடும் சத்தத்தில்தான் அந்தக் கடை மூச்சுவிடும். அது நின்றுவிட்டது.

"யாருடா பிரிக்கப் போறாங்க?" என்றார் மாஸ்டர், மெதுவாக.

"தெரியல. ஆனா பிரிக்கிறாங்க."

"சரி. டீ குடிக்கிறியா?"

"டீ வேணாம். நான் சொல்றது கேக்குதா உங்களுக்கு?"

"கேக்குதுப்பா. கேக்குது."

அவன் மேலே போனதும் மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "மறுபடியும் ஆரம்பிச்சுடுச்சு" என்றார். அக்கா வாய் திறக்கவில்லை. மாஸ்டர்தான் நர்ஸுக்குப் போன் செய்தார்.

மறுநாள் நர்ஸ் வந்தார். அன்றுதான் மழை, அல்லது அப்படி என் நினைவு. ஊசி இஸ்திரி மேசை மேல் உட்கார்ந்திருந்தான். நர்ஸ் முக்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டுக்கொண்டார். நான் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தேன். "இருங்க, நீங்க போய் என்ன ஆகப்போகுது" என்றான் ஊசி. இருந்தேன்.

"எப்ப இருந்து இப்படித் தோணுது தம்பி?"

"தோணல சிஸ்டர். பார்த்தேன்."

"குரல் ஏதாவது சொல்லுச்சா?"

"அதைத்தான் நானும் முதல்ல பார்த்தேன். ஒரு வாரமா உக்காந்து கவனிச்சேன். குரல் ஒண்ணும் சொல்லல. அதுங்களுக்கு இந்தப் பேண்டைப் பத்திக் கவலையே இல்ல. என் கைதான் சொல்லுச்சு." பெருவிரல் நகத்தை இடுப்புப் பட்டியின் பின்பக்கம் வைத்துத் தடவிக் காட்டினான். "ரெண்டு மாசம் முன்னாடி இங்க பழைய ஊசி ஓட்டை வரிசையா இருந்துச்சு. இஸ்திரி போட்டா கோடு போகும், ஓட்டை போகாது. ஒரு வரிசை, அதுக்குப் பக்கத்துல இன்னொரு வரிசை. இப்ப ஒரு வரிசையும் இல்ல. எனக்கு வர்ற சந்தேகத்துக்கு எப்பவும் காரணம் இருக்காது சிஸ்டர், எனக்கே தெரியும். இதுக்கு ஓட்டை இருந்துச்சு."

"துவைச்சதுல போயிருக்கும்டா" என்றார் மாஸ்டர்.

"பாக்கெட் உள்ள பேனாவால ஒரு கோடு போட்டு வெச்சேன், ஓட்டையைப் பார்த்த அன்னிக்கே. அதுவும் இல்ல. பட்டன் அதே பட்டன். முழங்கால் அதே முழங்கால். ஆனா இது என் பேண்ட் இல்லப்பா."

நான் தலை குனிந்துகொண்டேன். ஒரு நல்ல வக்கீலைப் போல அவன் பேசியதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது. நர்ஸ் முக்காலியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார்.

"தம்பி, நீ பொய் சொல்றேன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா டாக்டர்கிட்ட இதைச் சொல்லியாகணும். மாத்திரை அளவைக் கொஞ்சம் கூட்டச் சொல்லலாம்."

"கூட்டுங்க" என்றார் மாஸ்டர் உடனே.

ஊசி தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் கடைசி சொட்டு வரை குடித்தான். கண்ணில் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அது எங்கள் மேல் இல்லை, தன் மேல். ஒருவேளை ஓட்டையே இருக்கவில்லையோ என்று அவன் யோசிக்கத் தொடங்கியிருந்தான்.

அக்கா எழுந்தாள். மிஷினுக்கடியில் துண்டுத்துணி போடும் பெட்டி ஒன்று உண்டு. அதன் அடியிலிருந்து ஒரு பேண்டை எடுத்து உதறினாள். பட்டன் இருந்த இடங்களில் நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுதான் உன்னோடது" என்றாள். "நான்தான்டா பிரிச்சேன்."

மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு வண்டி தெருத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

ஊசி அந்தப் பேண்டை வாங்கினான். பாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பினான். நீலக் கோடு இருந்தது. அதை விரலால் தொட்டான். பிறகு இடுப்புப் பட்டியைத் தன் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தான். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று எட்டவில்லை. நடுவில் ஒரு சாண் இருந்தது.

"இவ்வளவா?" என்றான்.

பேண்டை மடியில் போட்டுக்கொண்டான்.

"அப்போ நான் சரியாத்தான் பார்த்திருக்கேன்." அவன் சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "அம்மா, ஒரு வாரமா நான் தூங்கல. மறுபடியும் வந்துடுச்சுன்னு பயந்துட்டுக் கிடந்தேன். உனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம மிஷின் ஓட்டிட்டு இருந்திருக்க."

"நீ மாத்திரையை எறிஞ்சுடுவேன்னு..."

"எறிஞ்சிருப்பேனோ என்னவோ. அதை நான்தானே முடிவு பண்ணணும். யாரோ என்னை மாத்துறாங்கன்னு நான் கத்தினப்ப நீதானே மடியில போட்டுக்கிட்டு, யாரும் மாத்தலடா, யாரும் மாத்தலடான்னு சொன்ன. இனிமே பிரிக்கிறதா இருந்தா சொல்லிட்டுப் பிரி."

அக்கா அழவில்லை. நின்ற இடத்திலேயே தலையை ஆட்டினாள். மாஸ்டர் அவளை முதல்முறை பார்ப்பவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இதைச் சொல்வதா என்று தெரியவில்லை, புதுப் பேண்டின் முழங்காலைக் குனிந்து தொட்டுப் பார்த்து, "எனக்கே தெரியலையேடி" என்றார்.

நர்ஸ்தான் பேசினார். "தப்பு என்மேலயும் இருக்கு. ஆளை அளக்காம பேண்டைக் கேட்டேன். டாக்டர்கிட்ட வேற மாதிரிதான் சொல்லணும் இப்ப. கூட்டறதுக்கில்ல, மாத்தறதுக்கு. வேற மாத்திரை இருக்கு தம்பி. நீயா நிறுத்திடாத. தலையும் உன்னோடது, இடுப்பும் உன்னோடது. ஒண்ணை மீட்க இன்னொண்ணை அடகு வைக்க வேண்டியதில்ல."

பையிலிருந்து டேப்பை எடுத்தார். ஊசி கையை நீட்டித் தடுத்தான்.

"அம்மா அளக்கட்டும்" என்றான். "சத்தமாச் சொல்லட்டும்."

மேசையிலிருந்து இறங்கிக் கைகளைத் தூக்கி நின்றான். அக்கா கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தாள். ஊரில் பாதிப் பேரின் இடுப்பைச் சுற்றிய டேப் அது, எண்கள் தேய்ந்து போயிருந்தன. சட்டையைத் தூக்கி, மகனைக் கட்டிக்கொள்வது போல இரு கைகளையும் அவன் பின்னால் கொண்டுபோய், முன்னால் கொண்டுவந்து சேர்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாஸ்டரும் பார்க்கவில்லை. காஜாக்காரர் பென்சிலைக் கையில் எடுத்துவிட்டார், பழக்கம்.

"இடுப்பு நாப்பத்தொண்ணு" என்றாள் அக்கா.

தெருவில் குடையோடு போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். வெறும் ஓர் எண். ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெரிய பிரார்த்தனைக் கூடங்களில் நின்றிருக்கிறேன், அங்கே இப்படி ஆனதில்லை. தன் புத்தியே தன்னை ஏமாற்றும் என்று தெரிந்தவன், அந்தப் புத்தியையே கையில் எடுத்து, நகத்தால் தடவி, கோடு போட்டுச் சோதித்து, உண்மையைக் கண்டுபிடித்துவிட்டு, இப்போது கைதூக்கி நிற்கிறான். அவனுக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் எதையும் சோதிக்காமல் வாழ்ந்தவர்கள்.

அவனே விரலை நீட்டினான். நர்ஸ் குத்தினார். ஒரு சிவப்புத் துளி எழுந்து நின்றது. சின்ன மிஷின் காட்டியதைப் பார்த்துவிட்டு நர்ஸ், "இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார். அவன் அந்தப் பெரிய பேண்டிலேயே போனான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மெதுவாக நடந்தது. சர்க்கரைக்குத் தனியாக மருந்து கொடுத்தார்கள். மனசுக்கான மாத்திரையை ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டி மாற்றினார்கள். அந்த வாரங்களில் சுவருக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு கொஞ்சம் நெருங்கி வந்தது. ஊசி அதை ஒளிக்காமல் சொன்னான், நர்ஸ் நாளுக்கொரு முறை வந்தார். சோடா பாட்டில் நின்றது. அவனுக்கு மட்டும் தனித் தட்டு கூடாது என்று நர்ஸ் சொன்னதால் வீட்டுச் சாப்பாடே மாறியது. கீரை, அவித்த பயறு, முட்டை. டீயில் சர்க்கரை எல்லோருக்கும் போயிற்று.

"ஒருத்தனுக்கு மருந்துன்னா கடைக்கே பத்தியமா?" என்றார் காஜாக்காரர். "நான் என்ன பாவம் பண்ணேன்?"

"நீங்க பண்ணதை எழுத இந்தப் பென்சில் போதாது" என்றான் ஊசி.

தைத்த துணிகளை வீடுகளில் கொண்டுபோய்க் கொடுப்பதை அவன் எடுத்துக்கொண்டான், நடந்து. முதலில் தெருமுனை வரை போய் வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தான். அக்கா மிஷினை மூடிவிட்டுக் கூடவே போனாள். அவளுக்கு முழங்கால் வலி, அவனுக்கு மூச்சு. இருவரும் பேசாமல், துணி மூட்டையைக் கைமாற்றிக்கொண்டு போவதை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். சில மாதங்களில் பாலம் தாண்டிப் போனார்கள். எடை மிஷினில் என்று ஏறினான் என்பது நினைவில்லை. கண்ணாடியின் மேலிருந்த லைனிங் துணியை யார் எடுத்தது என்பதும் யாருக்கும் நினைவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அக்கா அந்தப் புதுப் பேண்டைச் சிறிதாக்கிப் பிடித்துத் தைத்தாள். அவனை எதிரே உட்காரவைத்து, "இதோ பிரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பிரித்தாள். மாஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். பழைய தையலின் ஓட்டைகள் ஒரு வரிசை, உள்ளே தள்ளிப் புதுத் தையல். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு பொட்டு வெளிச்சம் வந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காஜாக்காரர் அதற்கு இரண்டு வருடம் கழித்து இறந்தார், தூக்கத்தில். மாஸ்டருக்குக் கண் மங்கிவிட்டது, வெட்டுவதை நிறுத்திவிட்டார். நர்ஸ் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். இப்போது வரும் நர்ஸ் முதல் நாளே டேப்பை எடுக்கிறாராம். அக்காவுக்கும் சர்க்கரை வந்துவிட்டது, மகனோடு நடக்கிறாள். நான் அந்தத் தெருவை விட்டு வந்துவிட்டேன், எப்போதாவது போகிறேன். கடையில் அளவெடுப்பது ஊசிதான், சத்தமாகச் சொல்கிறான். சிகரெட்டை இரண்டு முறை விட்டு இரண்டு முறை திரும்பினான், மூன்றாவது முறை விட்டிருக்கிறான். குரல்கள் எப்போதாவது வரும் என்கிறான். இடுப்பு முப்பத்தாறில் நிற்கிறது, அதற்குக் கீழே இறங்கவில்லை. மாத்திரை சாப்பிடுகிறான்.